தோமாஸ் விலார் என்று ஏழு பேர்

மே 2

தோமாஸ் விலார் 1571-இல் ஒரு தீவைக் கண்டுபிடித்தார். 1934-இல் ஒரு பெனால்டி உதையைப் பாய்ந்து தடுத்தார். 1952-இல் சைக்கிளில் மலையேறிக் கோப்பை வாங்கினார். இடையில், 1887-இல், காளை ஒன்று குத்தி இறந்தும் போனார்.

எனக்கு முன்பு இந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் இப்படி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரே கட்டுரை. ஒரே மனிதர். முந்நூற்று எண்பத்தோரு ஆண்டு உழைப்பு.

கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் தொகுதி, 'வி' எழுத்து. ஜூன் நடுவில் அச்சுக்குப் போக வேண்டும்.

தலைமைப் பதிப்பாசிரியர் தர்மாம்பாள் மேடத்திடம் தாளைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இதை யாரும் படிச்சுப் பாக்கலையா மேடம்?"

"படிக்கறதுக்குத்தானே உங்களை எடுத்திருக்கு, இருளப்பன்."

மே 3

அறையில் தண்ணீர் வரவில்லை. குளிக்காமல் அலுவலகம்.

மே 5

அறிவிக்கை வந்துவிட்டது. ஆவணக் காப்பகத்தில் உதவிக் காப்பாளர், பதினோரு இடங்கள். வரலாற்றில் முதுகலை, பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். கடைசி நாள் ஜூன் 14.

ஜூலை முதல் தேதியில் முப்பத்திரண்டு வயது நிறைவடையாதவராக இருத்தல் வேண்டும்.

சான்றிதழ்படி எனக்கு முப்பத்திரண்டு முடிந்து மூன்றரை மாதம் ஆகியிருக்கும்.

சான்றிதழ்படி.

மே 6

அவர் எப்படி எல்லாரையும் ஒருவராக்கினார் என்று கண்டுபிடித்துவிட்டேன். மூலக் குறிப்புகளின் அச்சுப்படிகள் கோப்பில் இருந்தன. எல்லாவற்றிலும் பெயரின் கடைசிச் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறார். தோமாஸ் விலார் ஒதேரோ: ஒதேரோ வெட்டு. தோமாஸ் விலார் ரெஸ்த்ரெப்போ: வெட்டு. விலார் லூனா: வெட்டு. ஓரத்தில் "வி. 14" என்று குறிப்பு.

விதி 14, எங்கள் பதிப்பக நடைமுறைக் கையேடு: பெயரின் இறுதியில் வரும் சாதிப் பட்டங்களை நீக்குக.

மனிதர் ஸ்பெயின்காரர்களின் சாதியை ஒழித்திருக்கிறார்.

ஆனால் அங்கே கடைசியில் வருவது அம்மாவின் குடும்பப் பெயர். முதலில் பிள்ளையின் பெயர், பிறகு அப்பா வழி, அதன்பின் அம்மா வழி. ஆறு பேருக்கும் அப்பா வழி ஒன்றுதான். ஆளைப் பிரித்துக் காட்டுவது அம்மா. அவளை வெட்டியதும் ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துவிட்டார்கள்.

பக்க வடிவமைக்கும் ரஹ்மத் நிஷாவிடம் காட்டினேன். வாயில் வைத்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"ஒதேரோன்னா என்ன ஆளுங்களாம்? நம்மூர்ல எந்தப் பக்கம்?"

"சிரிக்காதீங்க. ஒரே பக்கத்துல ஆறு பேரை நீங்கதான் அடைக்கணும்."

சிரிப்பு நின்றது.

மே 8

ஆறு பேரின் பட்டியல். மாலுமி. லீமா நகரத்து நீதிபதி. காளைச்சண்டைக்காரர். கோல்கீப்பர். சைக்கிள் வீரர். மெக்சிகோவின் குத்துச்சண்டைக்காரர், இவர் ஆடிய பதினெட்டுப் போட்டியிலும் தோற்றவர், எதற்காகக் கலைக்களஞ்சியத்தில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மதியம் அம்மா போன். ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"சின்னவனே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். வேலையா இருக்கேன்மா."

வைத்ததும் ரஹ்மத் திரும்பினாள். "நீங்க வீட்டுக்கு ஒரே புள்ளைன்னு சொன்னீங்க? அப்ப பெரியவன் எங்க?"

"பழக்கதோஷம்" என்றேன்.

மே 9

கோல்கீப்பருக்கு இரண்டு பிறந்த வருடங்கள். அவர் ஆடிய கால்பந்துச் சங்கத்தின் பொன்விழா மலர் 1908 என்கிறது. ஆட்டக்காரர் பதிவேடு 1911 என்கிறது. ஆறு பேரைப் பிரித்து முடித்தால் ஒருவரே இரண்டாகப் பிளக்கிறார். எரிச்சல். அவர் ஊர் தேவாலயத்தின் ஆவண அறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

மே 11

பாக்கியநாதனுக்குப் போன் செய்தேன். பள்ளியில் என்னோடு படித்தவன். இப்போது அருப்புக்கோட்டையில் வக்கீல்.

"மாப்ள, இத்தனை வருசம் தூங்கிட்டு இப்ப வந்து கேக்குற. மே மாசம் சிவில் கோர்ட் லீவு. ஜூன்ல தொறந்ததும் மனு போடலாம். கோர்ட்டுல மனுவை ஏத்து நம்பர் விழுந்துட்டா அந்த நம்பரைக் காட்டி வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் பாப்போம். ஆனா அப்பாவும் இப்ப இல்ல, அம்மா கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது."

"என்ன கையெழுத்து?"

"முதப் புள்ள இறந்துட்டான்னு."

மே 12, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை. அறைக்கூட்டாளி ஊருக்குப் போய்விட்டான். தள்ளிப்போட வேறு வேலை எதுவும் இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

எனக்கு முன்னால் ஒருவன் பிறந்தான். மார்ச் 17, அரசு மருத்துவமனை. குலதெய்வத்துக்கு நேர்ந்து இருளப்பன் என்று பெயர் வைத்தார்கள். பதிவு செய்தார்கள். பதினாறாவது மாதத்தில் காய்ச்சலில் இறந்தான். அதைப் பதிவு செய்யவில்லை. அப்போது அம்மா வயிற்றில் நான் ஐந்து மாதம்.

மழைக்காலத்தில் வீட்டிலேயே பிறந்தேன். அதையும் பதிவு செய்யவில்லை. நேர்ந்த பெயரை விட முடியாது என்று அதே பெயரை எனக்கு வைத்தார்கள்.

எனக்கு மூன்றரை வயதானபோது அம்மா மில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்பா பஸ் கண்டக்டர், எந்நேரமும் வண்டியில். ஒருநாள் விடுப்பு எடுத்து, அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா. ஐந்து வயது நிறைந்தவன் என்று சேர்த்துக்கொண்டார்கள். முதல் வகுப்பில் பாதிநாள் தூங்கினேனாம். டீச்சர் எழுப்பவில்லையாம்.

ஆகவே காகிதத்தின்படி ஒருவன் பிறந்திருக்கிறான், சாகவில்லை. பத்தாவது எழுதினான். எம்.ஏ. முடித்தான். இப்போது கலைக்களஞ்சியத்தில் விலார்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். நான் பிறக்கவில்லை.

என் உண்மையான வயதுக்கு அந்த வேலைக்கு ஒன்றரை வருடம் மிச்சம் இருக்கிறது. அவன் வயதுக்குத்தான் மூன்றரை மாதம் தாண்டிவிட்டது.

இதில் உணர்ச்சிவசப்பட ஒன்றுமில்லை. ஒரு பதிவுப் பிழை. திருத்தினால் சரியாகிவிடும்.

மே 14

மேடம்: "ஒரு பெயருக்கு ஒரு பக்கம். அதுல ஆறு பேர் வந்தாலும் அறுபது பேர் வந்தாலும் ஒரு பக்கம்தான்."

மாலுமியை எட்டு வரியாக்கினேன். தீவு பத்தாவது வரியில் இருந்தது. தீவு போய்விட்டது.

மே 18

அருப்புக்கோட்டை. ஊருக்குப் பஸ்ஸில் பத்து மணிநேரம். அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மில்லை விட்டு நின்ற பிறகு இளைத்திருக்கிறாள். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பேச்சை எடுக்கவில்லை.

மே 19

பேச்சை எடுத்தேன்.

பாக்கியநாதன் எழுதி அனுப்பிய பத்திரத்தின் நகலை அவள் முன்னால் வைத்து, பாக்கியநாதன் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"உனக்கு முதல்ல ஒரு பையன் பிறந்தான், இன்ன தேதியில இறந்துட்டான், நான் அதுக்கப்புறம் பிறந்தவன்னு."

"செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணும்."

"நடந்ததுதானம்மா?"

"நடந்ததுன்னா? நடந்ததையெல்லாம் எழுதிக்கிட்டா திரியிறோம்?"

"இது எனக்கு வேலைம்மா. ஏழு வருசம்."

"உனக்கு வேலை வேணாம்னா சொல்றேன்? ஒரு போட்டா இல்ல அவனுக்கு. ஒரு சட்டை இருந்துச்சு, அதை நீ போட்டுக் கிழிச்ச. பேரு இருந்துச்சு, அதுவும் உனக்குத்தான். அவனுக்குன்னு கடைசியா இருந்தது அந்தக் காயிதம் ஒண்ணு. அதையும் உங்கப்பா எடுத்துட்டுப் போயி உனக்குக் குடுத்துட்டாரு. நான் கேட்டனா? ஒரு வார்த்தை கேட்டனா? படிக்கட்டும்னு விட்டுட்டேன். அந்தக் காயிதத்துல உசுரோட இருக்கான், பள்ளிக்கூடம் போறான், காலேசு போறான்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப அதுலயும் சாவடிக்கணுங்குற."

"நான்தானம்மா பள்ளிக்கூடம் போனேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கீரையைப் பார்த்தாள்.

"அதான், ரெண்டு பேரும் போனீங்க."

இப்படிப் பேசினால் என்ன செய்வது? மனு எண், கடைசித் தேதி, வயது வரம்பு. இந்த வீட்டில் இந்தச் சொற்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

கோபத்தில் கேட்டேன்: "சரி. நான் என்னைக்குப் பிறந்தேன்? தேதி சொல்லு. அதையும் எழுதணும்."

"ஐப்பசி."

"தேதி?"

"மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. கண்மாய் ஒடஞ்ச அன்னைக்கு."

"அம்மா, தேதி."

"ஞாபகம் இல்லப்பா."

அவன் தேதி தெரியும். ஒவ்வொரு மார்ச் 17-க்கும் பாயசம் வைத்து எனக்கு ஊற்றியிருக்கிறாள். அது என் பிறந்தநாள் என்று பத்து வயதுவரை நம்பினேன். அவன் இறந்த நேரம்கூடத் தெரியும். காலை ஒன்பது மணி பஸ் போகிற சத்தம் கேட்டதாம், அப்போது. என்னுடையது ஐப்பசி.

மாலை பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். புளியோதரை கட்டிக் கொடுத்தாள். விக்கிரவாண்டி வரைக்கும் பிரிக்கவில்லை. அப்புறம் பசித்தது.

மே 21

குத்துச்சண்டைக்காரரை நீக்கச் சொல்கிறார் மேடம். பதினெட்டுத் தோல்வி ஒரு சாதனை என்று வாதாடினேன். "அப்ப நாம எல்லாரும் உள்ள வரணுமே" என்றார். நீக்கிவிட்டேன்.

மே 22

தேவாலய ஆவண அறையிலிருந்து பதில். எழுதியிருப்பவர் தோலோரெஸ் என்ற பெண்மணி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணினி மொழிபெயர்ப்பில் படித்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

1908: தோமாஸ். அப்பா விலார், அம்மா ஒதேரோ.

1911: தோமாஸ். அப்பா விலார், அம்மா ஒதேரோ.

ஒரே பெற்றோர். யாரோ தேதியைத் திருத்தி மறுபடி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். முதல் பதிவின் ஓரத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி, பக்கத்தில் 1910.

"மூத்த குழந்தை இறந்துவிட்டது. அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே இது வழக்கம்" என்று எழுதியிருக்கிறார். "கோல்கீப்பர் இரண்டாமவர். பொன்விழா மலர் எழுதியவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்போல."

இவர்களுக்கு அம்மா பெயரும் உதவாது. இருவருக்கும் அவளேதான்.

கழுவும் தொட்டியில் டீ கிளாஸைப் போட்டுவிட்டு வந்து மறுபடி படத்தைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன்.

மே 23

ஏழாவது தோமாஸ் விலாரை எழுதினேன். ஒரே வரி. "தோமாஸ் விலார் ஒதேரோ (1908–1910): கோல்கீப்பரின் மூத்த சகோதரர்."

மேடம் பேனாவால் தட்டினார். "இவர் என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ணலை மேடம். ரெண்டு வயசு."

"அப்புறம் எதுக்கு?"

"இவரைச் சொல்லலைன்னா பிறந்த வருசத்தை எல்லாரும் மறுபடி தப்பா எழுதுவாங்க."

அது உண்மையான காரணம்தான். மேடம் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். "எடம் இருந்தா பாக்கலாம்" என்றார்.

மே 26

பாக்கியநாதன்: "என்னடா ஆச்சு? அம்மா என்ன சொன்னாங்க?"

"மாட்டேங்குறாங்க."

"நான் வேணா போயிப் பேசட்டா?"

"போனா கருவாட்டுக் குழம்பு ஊத்துவாங்க. கையெழுத்துப் போட மாட்டாங்க."

மே 28

அம்மா போன் செய்யவில்லை. ஒன்பது நாள்.

மே 30

தோலோரெஸுக்கு நன்றி சொல்லி எழுதியபோது, கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றைக் கேட்டிருந்தேன். அந்த அம்மாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று. இன்று பதில். 1949-இல் அவள் இறந்தபோது பாதிரியார் அடக்கப் பதிவேட்டில் எழுதியது:

"விதவை. பிள்ளைகள் இருவர்: தோமாஸ், தோமாஸ்."

அவ்வளவுதான். ஒருவர் இறந்து முப்பத்தொன்பது வருடம் ஆனபிறகும் இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறார். யார் சொல்லி எழுதினார் என்று தெரியவில்லை. அவளே சொல்லி வைத்திருக்கலாம். கோல்கீப்பர் சொல்லியிருக்கலாம்.

மதிய இடைவேளையில் மொட்டைமாடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். வேலை விஷயமாக எதையும் நான் அவளிடம் சொன்னதில்லை.

"எந்த ஊரு?"

"ஸ்பெயின்மா. ரொம்பத் தூரம். அந்தாளு பந்து பிடிக்கிறவரு."

"அண்ணன் பேரை வச்சிருந்தானா?"

"அதே பேரு."

"அந்தப் பொம்பளைக்கி ரெண்டுன்னு எழுதிட்டாங்களா? செத்ததையும் சேத்தா?"

"சேத்துத்தான்."

பின்னால் குக்கர் விசில். ஒன்று. இரண்டு.

"அந்த வக்கீலு எனக்கு எத்தனை புள்ளைன்னு எழுதியிருக்கான்?"

பத்திரத்தின் முதல் வரி எனக்கு மனப்பாடம். 'மனுதாரரின் தாயாராகிய எனக்குத் தற்போது மனுதாரர் ஒருவரே மகன் ஆவார்.' சொன்னேன்.

"அதை அடிக்கச் சொல்லு. ரெண்டுன்னு எழுதச் சொல்லு. அப்ப போடுறேன்."

"சரிம்மா."

"அவனை முதல்ல எழுதணும்."

"சரிம்மா."

"அழுகுறியா?"

"இல்ல. வெயில்."

ஜூன் 1

சனி. எழும்பூரில் பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம். நான் பிறந்த வருடத்து ஐப்பசிக்கு, மதுரைப் பதிப்பின் அக்டோபர், நவம்பர் மாதக் கட்டுகள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நோக்கம் என்ற கட்டத்தில் 'ஆய்வு' என்று எழுதினேன்.

தாள் மஞ்சளாகி, மடித்த இடத்தில் உதிர்ந்தது. மூன்று மணிநேரம். நகைக்கடை விளம்பரங்கள், தேர்தல், கொலை, மழை, மழை. நவம்பர் பதினான்காம் தேதித் தாளில், ஆறாம் பக்கத்தில், கீழே:

'அருப்புக்கோட்டை, நவ. 13: இப்பகுதியில் பெய்த கனமழையால் கட்டங்குளம் கண்மாய் நேற்று அதிகாலை உடைந்தது. இருபது வீடுகளுக்குள் நீர் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை.'

நவம்பர் 12.

அன்று பிறந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இருக்காது. ஆனால் ஒரு விலாருக்கு இந்த அளவு ஆதாரம் கிடைத்திருந்தால் கேள்விக்குறி போடாமலே அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"ஆமா. விடியக்காலம் ஒடஞ்சது. வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. கட்டுலு மேல கெடந்தேன். உச்சிப்பொழுதுல நீ வந்த." பிறகு, "உன்னைப் பெத்தப்ப நான் அழவே இல்லடா. எல்லாரும் அழுடி அழுடின்னாளுக. அதுக்கு முன்னாடியே எல்லாம் அழுது முடிச்சிருந்தேன். அதான் நாளு மனசுல நிக்கல. உன்மேல குறையில்ல."

குறை இருக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்?

ஜூன் 4

நகலகத்தில் இயந்திரம் பழுது. இரண்டு கடை ஏறி இறங்கினேன். செய்தித்தாளின் நகல் மங்கலாக வந்திருக்கிறது. 'கண்மாய்' தெரிகிறது. 'உயிர்ச்சேதம் இல்லை' தெரிகிறது. தேதி தெரியவில்லை. மறுபடி எழும்பூர்.

ஜூன் 6

அருப்புக்கோட்டை. பாக்கியநாதன் அலுவலகம். மாடியில், மருந்துக்கடைக்கு மேலே. தட்டச்சு செய்யும் அக்கா முதல் வரியை அடித்துவிட்டுப் புதிதாகத் தட்டினார். 'எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் இருளப்பன். இளையவர் இருளப்பன்.'

"அக்கா, இது ஜட்ஜுக்குக் குழப்பமா இருக்காதா?" என்றான் பாக்கியநாதன்.

"உங்களுக்கு வேணா குழப்பம். எனக்குப் புரியுது" என்றார் அக்கா, விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா படிக்கத் தெரிந்தவள்தான். இருந்தாலும் என்னைப் படிக்கச் சொன்னாள். முழுவதும் படித்தேன். 'மேற்படி மூத்த மகன் இருளப்பன்' என்று வந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். என் பெயரை வேறு ஒருவரின் பெயராக நான் உச்சரித்ததில்லை.

மூன்று இடத்தில் கையெழுத்து. பஞ்சவர்ணம். பஞ்சவர்ணம். பஞ்சவர்ணம். பேனாவை மூடிக் கொடுத்தாள்.

"இதோட ஒரு நகலு எனக்கு வேணும்" என்றாள்.

"எதுக்கும்மா?" என்றான் பாக்கியநாதன்.

"வச்சுக்கத்தான்."

ஜூன் 10

மனுவைத் திருப்பிவிட்டார்கள். இணைப்பு மூன்றில் முத்திரை இல்லையாம். பாக்கியநாதனுடன் போனில் சண்டை. அவன்மேல் தப்பில்லை. அதனால் இன்னும் சத்தமாகச் சண்டை.

ஜூன் 12

'வி' முடிந்தது. மேடம் இறுதிப் படியில் கையெழுத்துப் போட்டார். விலார்கள் பக்கத்தில் ஐந்து பேர், ஐந்து அம்மாக்களும் உள்ளே. கோல்கீப்பர் பத்தியின் கடைசியில் ஒரு வரி, பொடி எழுத்தில்: இதே பெயருடைய மூத்த சகோதரர், 1908–1910.

"எடம் எப்படி வந்துச்சு?" என்று ரஹ்மத்தைக் கேட்டேன்.

"நீதிபதியோட தொப்பிய வெட்டிட்டேன். படத்துல தலைக்கு மேல ரொம்ப எடம் தின்னுச்சு." பிறகு, திரையைப் பார்த்தபடியே, "உங்க பெரியவன் விஷயம் முடிஞ்சுதா?"

அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. நான் அம்மாவோடு போனில் பேசிய அன்று மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வந்திருப்பாளோ? அலுவலகத்தில் யார் துணி காயப்போடுகிறார்கள்?

"நாளன்னிக்குக் கடைசி நாள்" என்றேன்.

"அப்ப இங்க என்ன பண்றீங்க? பஸ்ஸைப் புடிங்க."

ஜூன் 13

மனு எண் விழுந்துவிட்டது. பஸ்ஸில் இருக்கும்போது பாக்கியநாதன் செய்தி அனுப்பினான். எண்ணை உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன். போனில் சார்ஜ் எட்டு சதவீதம்.

ஜூன் 14

விண்ணப்பம் போய்விட்டது. பிற்பகல் நாலு இருபது. ஏற்பார்களா என்பது வேறு விஷயம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாக்கியநாதன் அலுவலகத்துக் கணினி. அம்மாவும் வந்திருந்தாள். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் அந்த நகல்.

பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி நவம்பர் 12. அடுத்து என்பதை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. எல்லாம் மறைந்து சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது.

"என்னப்பா நின்னுபோச்சு?"

"ஒண்ணு கேக்குது."

"என்ன கேக்குது?"

படித்தேன். "'இதே பெயரிலும் இதே பெற்றோர் பெயரிலும் ஏற்கெனவே ஒரு பதிவு உள்ளது. அவர் நீங்கள்தானா?' கீழ ரெண்டு பொத்தான். ஆம், இல்லை."

அந்தப் பதிவைச் செய்தது நான்தான். ஆறு வருடம் முன்பு, இதே தளத்தில், மார்ச் 17 என்று தேதி போட்டு.

பாக்கியநாதன் குனிந்து பார்த்தான். "ஆம்னு போட்டா பழைய தேதியே வந்துரும் மாப்ள. தள்ளிருவான். இல்லைன்னு போட்டாத்தான் புதுசா ஏத்துக்கும். காரணம் கேட்டா நம்பர் இருக்கு."

தெரியும். மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசினார்கள்.

"இல்லைன்னு போட்டா, அவனை அழிச்சிராதா?" என்றாள் அம்மா.

"அழிக்காதும்மா. அது அப்படியே இருக்கும். பக்கத்துல இன்னொண்ணு வரும்."

அம்மா பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப போடு. அவன் வேற, நீ வேற."

இல்லை என்பதை அழுத்தினேன். எல்லாக் கட்டங்களும் காலியாகி, படிவம் முதலிலிருந்து வந்தது. முதல் கட்டம், பெயர். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் எழுத்து விழ விழப் பார்த்தாள்.

"அதே பேருதான்" என்றாள்.